சுரங்கப்பார்வை: கண்ணிலும் கருத்திலும்

ஓரப்பார்வை போய் நடுப்பகுதி மட்டும் எஞ்சும் குறையான சுரங்கப்பார்வையை விளக்கும் படங்கள் ஏறத்தாழ எல்லாமே ஒன்றுபோல் இருக்கின்றன. நடுவே தெளிவான ஒரு வட்டமும் அதைச் சுற்றிலும் கரிய இருளும் வரையப்பட்டிருக்கும். எவ்வளவு பரப்பு பறிபோயிருக்கிறது என்பதை நல்ல பார்வையுள்ளவருக்குக் காட்ட அந்தப் படம் உதவும். ஆனால் அந்தக் குறை உள்ளவருக்கு உலகம் அப்படித்தான் தெரிகிறதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயாளிகள் 50 பேரிடம் பிரிட்டன் ஆய்வாளர்கள் பல படங்களைக் காட்டி, அவற்றுள் தங்கள் பார்வையை ஒத்தது எது என்று கேட்டார்கள். ஓரம் கறுத்த சுரங்கப் படத்தை அவர்களில் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் சில பகுதிகள் மங்கலாக இருப்பதாகச் சொன்னார்கள். வேறு சிலர் சில பொருள்கள் காட்சியிலிருந்து காணாமல் போவதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குத் தங்கள் பார்வையில் குறை இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

ஒரே சந்தேக நபரின் பின்னால் ஓடும் புலனாய்வாளரையும், ஒரே கருவியில் மூழ்கிவிட்ட விமானியையும், தான் பிடித்த கோணத்தை விட்டு அசையாத நிர்வாகியையும் சுரங்கப்பார்வை உடையவர்கள் என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அந்தக் கரிய ஓரப் படத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். படமே தவறாக இருந்தால் அதன்மேல் கட்டிய உருவகமும் தடம் மாறிவிடும். ஆகவே கண்ணில் நிகழ்வது என்ன என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

ஒரு கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தி வைத்தால், மூக்கின் பக்கமாகச் சுமார் 60 பாகையும், மேலே 60 பாகையும், கீழே 70 முதல் 75 பாகையும், காதின் பக்கமாக 100 பாகை அளவிலும் பொருள்கள் புலப்படும். இரு கண்களும் சேர்ந்தால் கிடைமட்டத்தில் 180 பாகைக்கும் சற்று மேலாகும். இந்தப் பார்வைப்புலம் முழுவதும் ஒரே தரத்தில் தெரிவதில்லை. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் வேண்டிய கூர்மை, விழித்திரையின் நடுவில் உள்ள மையக்குழியில் மட்டுமே இருக்கிறது. கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் அகலம் மறைக்கும் சுமார் 2 பாகைதான் அந்தக் கூர்மையின் எல்லை. அந்த அளவில் பார்த்தால், கண் நலமாக உள்ள எவருக்கும் துல்லியமான பார்வை மிகக் குறுகியதே. அறை முழுவதும் ஒரே தெளிவுடன் தெரிவதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவி, அந்தச் சிறு கூர்மையைத் தேவையான இடங்களுக்கு மாறி மாறிக் கொண்டு செல்வதுதான்.

எங்கே கொண்டு செல்வது என்று அதற்குச் சொல்வது புறப்பார்வை. புறப்பார்வையால் எழுத்தைப் படிக்க இயலாது. நிறத்தையும் நுண்விவரத்தையும் அது சரியாகச் சொல்லாது. ஆனால் அசைவை உடனே கண்டுகொள்ளும், மங்கிய ஒளியிலும் வேலை செய்யும், தரையின் மேடுபள்ளத்தையும் கதவின் விளிம்பையும் எதிரே வருபவரின் தோளையும் நடப்பவர் எண்ணிப் பார்க்காமலேயே அவருக்கு உணர்த்திக்கொண்டிருக்கும். கண்ணோரத்தில் ஏதோ நகர்ந்தது என்று சட்டெனத் தலையைத் திருப்புகிறோமே, அந்தத் திருப்பத்துக்கான அழைப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே புறப்பார்வை குன்றியவரிடம் காட்சியின் பரப்பு குறைந்துபோனதை மட்டும் பார்ப்பது போதாது. அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிவிக்கும் ஏற்பாடு பழுதாகிவிட்டது என்பதே அதைவிடப் பெரிய இழப்பு. உருவகப் பொருளில் வரும் சுரங்கப்பார்வையையும் இந்த இழப்பை வைத்துப் புரிந்துகொள்வதே சரி என்று கருதுகிறேன்.

இந்த நிலையை உண்டாக்கும் நோய்களில் அதிகம் பேசப்படுவது, சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வரும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகைப்படும். பகலொளியிலும் நிறம் காண்பதிலும் பயன்படும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். அவை மையத்தில் செறிந்திருக்கின்றன. மங்கிய ஒளியில் செயல்படும் கோல் செல்கள் 9 கோடிக்கும் மேல். மையக்குழியின் நடுவில் அவை இல்லவே இல்லை, அங்கிருந்து 20 பாகை அளவு விலகிய வளையத்தில் மிக நெருங்கியிருக்கின்றன. இந்நோயில் முதலில் அழியத் தொடங்குபவை கோல் செல்களே. அதனால்தான் இருட்டிய பின் தடுமாறும் மாலைக்கண் பல நோயாளிகளுக்கு, பெரும்பாலும் இளவயதிலேயே, முதல் அறிகுறியாக வருகிறது. பின்னர் மையத்துக்கும் ஓரத்துக்கும் இடையே வளையம் போன்ற ஒரு குருட்டுப் பரப்பு தோன்றி, வெளிப்புறமாக விரைவாகவும் உட்புறமாக மெதுவாகவும் பரவுகிறது. பல பத்தாண்டுகள் கழித்து நடுவில் ஒரு சிறு தீவு மட்டும் எஞ்சலாம். நோய்க்குக் காரணமான மரபணு கோல் செல்களில் மட்டுமே வேலை செய்வதாக இருந்தாலும், குறையேதும் இல்லாத கூம்புச் செல்களும் நாளடைவில் அவற்றைப் பின்தொடர்ந்து அழிகின்றன என்பது இந்நோயின் விசித்திரங்களில் ஒன்று.

இத்தகைய ஒருவர் கண் மருத்துவரின் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை தடையின்றிப் படித்துவிட்டு, எழுந்து வெளியே போகும்போது வழியில் கிடக்கும் முக்காலியில் இடறி விழக்கூடும். வெள்ளைக் கோலுடன் பேருந்துக்குக் காத்திருப்பவர் கைப்பேசியில் செய்தி படிப்பதைக் கண்டு, அவர் பார்வையற்றவர்போல் நடிக்கிறார் என்று அருகில் நிற்பவர்கள் முணுமுணுப்பதும் நடக்கிறது. இரண்டும் ஒரே குறையின் வெளிப்பாடுகள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில், மையத்தைச் சுற்றி 10 பாகை ஆரத்துக்குள் பார்வைப்புலம் சுருங்கிவிட்டால், எழுத்தைப் படிக்கும் கூர்மை எவ்வளவு இருந்தாலும், அது பார்வையின்மை என்றே கணக்கிடப்படுகிறது.

கிளாக்கோமாவின் வழி வேறு. அதில் விழித்திரையின் ஒளியுணர் செல்கள் நன்றாகவே இருக்கும். அவற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் பார்வை நரம்பின் இழைகள் படிப்படியாக அழியும். தொடக்கத்தில் வில்போன்ற குருட்டுத் திட்டுகளும் மூக்கின் பக்கத்து இழப்பும் தோன்றி, முற்றிய நிலையில்தான் புலம் நடுவை நோக்கி ஒடுங்குகிறது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் விகாபாட்ரின் என்ற மருந்து பார்வைப்புலத்தைச் சுற்றிலும் மீளாதபடி சுருக்கக்கூடும் என்பது 1997 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. நீரிழிவால் வரும் விழித்திரைச் சிதைவுக்கு லேசர் சிகிச்சை அளிக்கும்போது மையப்பார்வையைக் காப்பதற்காக ஓரப்பகுதியை மருத்துவர்கள் தெரிந்தே விட்டுக்கொடுப்பதுண்டு. மூளையின் பின்புறத்தில் இருபக்கமும் பக்கவாதம் தாக்கி, மையப்பார்வைக்குரிய சிறு பகுதி மட்டும் தப்பினால், கண்கள் இரண்டும் பழுதின்றி இருந்தும் சாவித்துவாரம் வழியே பார்க்கும் அளவே மிஞ்சும்.

சில நொடிகளே நீடித்து மறையும் சுரங்கப்பார்வையும் உண்டு. போர் விமானத்தை வேகமாக வளைத்து மேலே இழுக்கும்போது விமானியின் உடலில் இரத்தம் காலை நோக்கித் தள்ளப்படுகிறது. பாதுகாப்பு உடையோ தசைகளை இறுக்கும் பயிற்சியோ இல்லாத நிலையில், புவியீர்ப்பின் நான்கு மடங்கை எட்டும்போது முதலில் நிறங்கள் வெளிறி, பிறகு பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி, அதற்கும் மேலே போனால் முழுவதும் இருண்டுவிடும். அப்போதும் விமானிக்கு நினைவு தப்பியிருக்காது, காதும் கேட்கும். கண்ணுக்குள் இயல்பாகவே 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருப்பதால், அதை மீறி விழித்திரைக்குள் இரத்தம் நுழைவது மூளைக்குள் நுழைவதைவிடக் கடினம். தமனி கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் ஓரங்கள் முதலில் இரத்தமின்றி வாடுகின்றன. கரிய படத்துக்குச் சற்றேனும் நெருங்கிவரும் அனுபவம் இதுதான் என்று சொல்லலாம். ஏனெனில் இங்கே சுருக்கம் கண்முன்னே நொடிப்பொழுதில் நடக்கிறது, முன்பு இருந்ததையும் இப்போது இல்லாததையும் விமானியால் ஒப்பிட முடிகிறது.

மெல்ல வரும் நோயில் அந்த ஒப்பீடு கிடைப்பதில்லை. நோயற்ற கண்ணிலும், பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியுணர் செல்களே இல்லாத ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் எட்ம் மாரியோட் 17-ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துக்காட்டும்வரை மனிதர்கள் அதை அறியவே இல்லை. செய்தி வராத இடத்தை மூளை கறுப்பாகக் காட்டுவதில்லை. சுற்றுப்புறத்தில் உள்ளதைக் கொண்டு இட்டுநிரப்புகிறது, அல்லது அப்படி ஓர் இடம் இருப்பதாகவே கருதுவதில்லை. முதுகுக்குப் பின்னால் உள்ளது நமக்கு இருளாகத் தெரிகிறதா? தெரிவதே இல்லை. நோயாளியின் ஓரப்பார்வை போன இடமும் அத்தகையதே. தெருவைக் கடக்கும்போது ஒரு வண்டி எங்கிருந்தோ திடீரென முளைத்ததாக அவர் சொல்வார். அது வந்துகொண்டிருந்த இடம் தன் காட்சியில் இல்லை என்பது அவருக்குப் புலப்படாது.

ஆகவே இதைக் கண்டறிய நோயாளியின் சொல் போதாது, வெளியிலிருந்து ஓர் அளவு தேவைப்படுகிறது. பார்வைப்புலத்தை அளப்பதை மருத்துவ நடைமுறைக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே, அது 1856. ஹான்ஸ் கோல்ட்மான் 1945-இல் உருவாக்கிய கிண்ண வடிவக் கருவி பல பத்தாண்டுகள் உலகெங்கும் அளவுகோலாக இருந்தது. இன்று கணினி இயக்கும் கருவியில் நோயாளி நடுப்புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க, சுற்றிலும் வெவ்வேறு இடங்களில் மின்னும் ஒளிப்பொட்டுகளைக் காணும்போதெல்லாம் பொத்தானை அழுத்துகிறார். அவர் அழுத்தாமல் விட்ட இடங்களிலிருந்து வரைபடம் உருவாகிறது. தன் பார்வை நன்றாக இருப்பதாக நம்பி வந்த பலர் அந்த வரைபடத்தைப் பார்த்து அதிர்ச்சியடைவது கண் மருத்துவமனைகளில் வழக்கமான காட்சி.

இங்கே ஒரு வடிவியல் குறிப்பையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது சற்று வேடிக்கையானது. உண்மையான நோயில் பார்வைப்புலம் கோண அளவில் குறைகிறது. மொத்தம் 10 பாகை எஞ்சியவர் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் அகலத்தைக் காண்பார். இரண்டு மீட்டர் தொலைவில் அது 35 சென்டிமீட்டராக விரியும். கண்ணிலிருந்து புறப்படும் புலம் கூம்பு வடிவானது. சுரங்கம்போல் ஒரே அகலத்தில் நீள்வதில்லை. ஆனால் தொலைவு இரட்டித்தும் அகலம் மாறாமல், குழாய்போலவே இருக்கிறது என்று ஒருவர் சொல்வாரானால், கண்ணிலோ நரம்பிலோ நோய் இருப்பதாக மருத்துவர் எளிதில் ஏற்பதில்லை. மனநெருக்கடியின் வெளிப்பாடாகவோ, அரிதாக வேண்டுமென்றே சொல்வதாகவோ இருக்கக்கூடும் என்று எண்ணுவார். ஆக, சுரங்கம் போலவே இருக்கும் பார்வைப்புலம் கண் நோய் இல்லை என்பதற்கான அடையாளம்.

கண்ணுக்கும் கருத்துக்கும் இடையில் ஒரு நடுநிலப் பகுதி இருக்கிறது. அங்கே கண் முழுப்பரப்பையும் பெறுகிறது, கவனம்தான் சுருங்குகிறது. 1965-இல் நார்மன் மேக்வொர்த் செய்த சோதனையில், நடுவில் தெரியும் எழுத்தையும் ஓரத்தில் தெரியும் எழுத்துகளையும் ஒப்பிடும் வேலை, திரையில் தேவையற்ற எழுத்துகளை நிரப்பியதும் கெட்டுப்போயிற்று; ஓரத்து எழுத்துகள் கண்ணில் பட்டும் பயன்படவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1959-இல், ஜே. ஏ. ஈஸ்டர்புரூக் முன்வைத்த கருத்து இன்னும் பரந்தது. பதற்றமோ கிளர்ச்சியோ கூடக்கூட மனிதர் பயன்படுத்தும் குறிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது என்றார் அவர். முதலில் கழிபவை வேலைக்குத் தேவையற்ற குறிப்புகள். அதனால் திறமை கூடுகிறது. பதற்றம் அதற்கும் மேலே போனால் தேவையான குறிப்புகளும் கழிகின்றன. அப்போது திறமை வீழ்கிறது. சுரங்கப்பார்வையைப் பழிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். தேர்வு எழுதுபவரும் அறுவை செய்பவரும் முதல் பாதியின் பயனில்தான் வேலை செய்கிறார்கள்.

துப்பாக்கி காட்டப்பட்ட குற்றங்களில் நேரில் கண்ட சாட்சிகள் ஆயுதத்தை நன்றாக நினைவில் வைத்திருந்து, அதைப் பிடித்திருந்தவரின் முகத்தைத் தவறவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. 1987-இல் எலிசபெத் லாஃப்டஸும் உடன் ஆய்வாளர்களும் கண் அசைவுகளை அளந்து, ஆயுதத்தின்மீது பார்வை அதிக முறையும் அதிக நேரமும் நிலைப்பதைக் காட்டினார்கள். ஆனால் பார்வை நிலைத்துவிட்டாலே கண்டதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013-இல் டிராஃப்டன் ட்ரூ குழுவினர், நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியல் மருத்துவர்களிடம் கேட்டு, அந்தப் படங்களுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தைப் பதித்து வைத்தார்கள். அது சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் காணவில்லை. கண் அசைவுப் பதிவைப் பார்த்தபோது, தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்தக் கொரில்லா இருந்த இடத்தின்மீதே விழுந்து கடந்திருந்தது தெரிந்தது.

இங்கேதான் உருவகம் கண் நோயிலிருந்து பிரிகிறது. நோயில் தவறுவது ஓரத்தில் உள்ளது. கருத்தின் சுரங்கத்தில், நட்டநடுவில் கிடப்பதும் தவறலாம். தேடிக்கொண்டிருப்பதன் வடிவத்துக்குள் அது அடங்காமல் இருந்தால் போதும். கண்பட்டை கட்டிய குதிரை என்று சொல்லும் வழக்கு இதற்குப் போதாது என்று தோன்றுவதும் இதனால்தான்: குதிரைக்கு மறைப்பது பக்கங்களை மட்டும், அதைக் கட்டியதும் வேறொருவர்.

1972 டிசம்பர் 29-ஆம் நாள் இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம் தரையிறங்கத் தயாரானபோது, முன் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானம் 2,000 அடி உயரத்துக்குத் திரும்பி, தானியங்கியின் பிடியில் விடப்பட்டு, இருண்ட எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின்மேல் சுற்றியது. விமானியறையில் இருந்தவர்கள் அனைவரும் அந்த விளக்கில் ஈடுபட்டார்கள். ஒருவர் அதன் மூடியைக் கழற்றி மாட்டப் போராடினார். விமானப் பொறியாளர் சக்கரத்தை நேரில் பார்க்கக் கீழறைக்கு இறங்கினார். இதற்கிடையே கட்டுப்பாட்டுத் தண்டின்மேல் யாரோ அறியாமல் கொடுத்த அழுத்தத்தால் உயரத்தைக் காக்கும் ஏற்பாடு விடுபட்டிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. உயரம் குறைகிறது என்று ஓர் எச்சரிக்கை மணி ஒலித்தது. யாரும் அதைக் கவனித்ததற்கான அடையாளமே குரல்பதிவில் இல்லை. ராடாரில் விமானத்தின் உயரம் 900 அடி என்று கண்ட தரைக் கட்டுப்பாட்டாளரும், அங்கே நிலைமை எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டாரே தவிர உயரத்தைக் குறிப்பிடவில்லை. விமானத்தில் இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. விளக்கின் குமிழ்கள்தான் எரிந்துபோயிருந்தன.

அந்த விமானிகளைத் திறமையற்றவர்கள் என்று சொல்ல முடியாது. ஒரு விளக்கை ஆராய்வதும் தவறில்லை. அந்த மணியொலி கண்ணோரத்து அசைவுக்கு ஒப்பானது. தலையைத் திருப்பச் சொல்லும் அழைப்பு அது. அழைப்பு வந்தது, அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் மிச்சமில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்று, போர்ட்லண்டை நெருங்கிய யுனைடெட் 173 விமானம் சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது; 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் தலைமை விமானியை உலுக்கும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. நாசா 1979-இல் இதுபோன்ற விபத்துகளைப் பற்றி நடத்திய பயிலரங்கிலிருந்தும், யுனைடெட் நிறுவனம் 1981-இல் தொடங்கிய பயிற்சியிலிருந்தும் வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் விமானிகளுக்குக் கட்டாயமாக உள்ள குழு ஒருங்கிணைப்புப் பயிற்சி. கோளாறு எதுவாயினும் ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டுமே கவனிக்க வேண்டும், கீழ்நிலையில் இருப்பவர் தன் ஐயத்தைத் தெளிவாகச் சொல்லவும் மேல்நிலையில் இருப்பவர் அதைக் கேட்கவும் வேண்டும் என்பவை அதன் அடிப்படை. மனித மனம் இனி ஒன்றில் மூழ்காது என்று அந்த ஏற்பாடு நம்பவில்லை. மூழ்கும் என்று ஒப்புக்கொண்டு, மூழ்காத ஒருவரை அருகில் வைக்கிறது.

குற்றப் புலனாய்வில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே அவசரம் நிமிடங்களில் இல்லை, ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. சுரங்கமும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1984-இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில், அடுத்த வீட்டு இளைஞர்மீது காவல் துறையின் ஐயம் விழுந்தது. அவர் 1986-இல் விடுதலையாகி, மேல்முறையீட்டுக்குப் பின் மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1992-இல் தண்டிக்கப்பட்டு, 1995-இல் டிஎன்ஏ பரிசோதனையால் குற்றமற்றவர் என்று நிறுவப்பட்டார். எப்படி இது நடந்தது என்று ஆராய்ந்த ஆணையம், முன்னாள் நீதிபதி ஃப்ரெட் காஃப்மன் தலைமையில், 1998-இல் அறிக்கை தந்தது. ஒரு கோட்பாட்டின்மீது மிகக் குறுகலாகக் கவனத்தைக் குவித்து, வரும் தகவல்களை மதிப்பிடுவதிலேயே அதன் சாயம் ஏறிவிடும் நிலை என்று சுரங்கப்பார்வையை அது விளக்கியது. சட்ட உலகில் இந்தச் சொல்லுக்கு நிலையான இடம் கிடைத்ததில் அந்த அறிக்கைக்குப் பெரும்பங்கு உண்டு.

சாயம் ஏறுதல் என்பதை அந்த வழக்கே காட்டுகிறது. சந்தேகிக்கப்பட்டவர் வேலையிலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கொண்டு கணக்கிட்டால், சிறுமியின் குடும்பத்தார் வீடு திரும்பி அவளைக் காணாததாக முதலில் சொன்ன நேரத்துக்கு முன் அவரால் குற்றத்தைச் செய்திருக்க முடியாது. இதைக் கண்ட புலனாய்வு அவரை விட்டுவிடவில்லை. குடும்பத்தார் திரும்பிய நேரமே கேள்விகளின் போக்கில் பிந்திய நேரத்துக்கு நகர்ந்தது. அவர் இறுதிச் சடங்குக்கு வராததும் ஐயத்துக்குரியதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வந்திருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. கண் நோயாளிக்கு ஓரத்துப் பொருள் வந்து சேராது, அவ்வளவே. வந்து சேராததை அவர் வளைப்பதில்லை. புலனாய்வாளருக்கோ முரணான தகவல் கைக்கு வந்தது, கோட்பாட்டுக்கேற்ப வடிவம் மாறி உள்ளே வைக்கப்பட்டது. எல்லாத் தகவலும் தன் முடிவையே உறுதி செய்வதால், தான் குறுகலாகப் பார்க்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு வர வழியே இல்லை. 2020-இல் காவல் துறை டிஎன்ஏ வழியாக வேறொருவரை அடையாளம் கண்டது. அவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்திருந்தார்.

அறிவியல் ஆய்வகமும் இதற்கு விலக்கில்லை. 2004 மார்ச்சில் மத்ரீத் ரயில்களில் குண்டுகள் வெடித்தபின், வெடிப்பிகள் இருந்த பையில் கிடைத்த விரல்ரேகை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்பிஐ அறிவித்தது. நிபுணர்கள் ஒருவர்பின் ஒருவராக அதை உறுதிப்படுத்தினார்கள். ஸ்பெயின் காவல் துறை பொருந்தவில்லை என்று ஏப்ரலிலேயே சொல்லியும் எஃப்பிஐ தன் முடிவில் நின்றது. மே மாதத்தில் ஸ்பெயின் அந்த ரேகைக்கு உரிய அல்ஜீரியரை அடையாளம் கண்ட பிறகே வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார். அமெரிக்க நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் 2006-இல் வெளியிட்ட அறிக்கை இங்கே முக்கியமானது: சந்தேக நபரின் தெளிவான ரேகையைப் பார்த்த நிபுணர்கள், அதில் உள்ள அம்சங்களை மங்கலான ரேகையிலும் தேடி, தேடியதைக் கண்டதாக எண்ணினார்கள் என்று அது சுட்டியது. அதே 2006-இல் இட்டியெல் ட்ரோர் குழு வெளியிட்ட சிறு சோதனையில், ஐந்து நிபுணர்களிடம் ஓர் இணை ரேகைகளைக் கொடுத்து, எஃப்பிஐ தவறாகப் பொருத்திய ரேகைகள் இவை என்றார்கள். உண்மையில் அவை அந்தந்த நிபுணர் தாமே முன்பு பொருந்துகிறது என்று சான்று தந்தவை. ஐவரில் நால்வர் தம் பழைய முடிவிலிருந்து விலகினார்கள். ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ரேகை மாறாமல் முடிவு மாறுகிறது என்பதை அது காட்டிவிட்டது.

இவற்றையெல்லாம் படித்தபின் எவரைப் பார்த்தாலும் சுரங்கப்பார்வை என்று சொல்லத் தோன்றும். அதுவும் ஒரு தொல்லை. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்ப்பவருக்கு எல்லா எச்சரிக்கையும் உரக்க ஒலித்ததாகவே தோன்றும். தன் கருத்தோடு உடன்படாதவரை வாயடைக்கவும் இந்தச் சொல் எளிதாகக் கிடைக்கிறது. ஒரே கணக்கை, ஒரே நோயை, ஒரே வழக்கைப் பல ஆண்டுகள் விடாமல் பற்றி நின்றவர்கள் வென்ற வரலாறும் உண்டு. விடாப்பிடியாக நிற்பவரைச் சுரங்கத்தில் இருப்பவரிடமிருந்து பிரித்தறிய அவர் எவ்வளவு குறுகலாகப் பார்க்கிறார் என்று அளப்பதில் பயனில்லை. தன் முடிவு தவறு என்றால் எது தெரியவரும் என்று அவரிடம் கேட்கலாம்; விடை இருக்குமானால், அந்த விடை வெளிப்படும் இடத்தை அவர் அவ்வப்போது திரும்பிப் பார்க்கிறாரா என்று பார்க்கலாம். விடையே இல்லாதவரிடம் அழைப்பு எங்கிருந்து வந்தாலும் சேராது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அழிந்த விழித்திரைச் செல்களை மீட்கும் வழி பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்னும் இல்லை. ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கான மரபணுச் சிகிச்சைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவுக்குக் காரணமாக அறியப்பட்ட மரபணுக்களோ பல டசன். மற்றவர்களுக்குக் கற்றுத்தரப்படுவது பழக்கம். அசைவோ நிழலோ தன்னைக் கூப்பிடும் என்று காத்திராமல், கண்ணை இடமிருந்து வலமாகவும் கீழிருந்து மேலாகவும் ஓர் ஒழுங்கில் தாமே செலுத்தி வழியைத் துழாவக் கற்கிறார்கள். வெள்ளைக் கோல் தரையின் செய்தியைக் கைக்குக் கொண்டு வருகிறது. விரல்ரேகை ஆய்வகங்களில் வந்த மாற்றமும் ஏறத்தாழ இதே தன்மையுடையது. குற்ற இடத்தில் கிடைத்த ரேகையை மட்டும் முதலில் ஆராய்ந்து, அதில் தெரியும் அம்சங்களைக் குறித்து வைத்த பிறகே சந்தேக நபரின் ரேகையை நிபுணர் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தபின் முதல் குறிப்பில் எதையேனும் சேர்த்தாலோ நீக்கினாலோ, எதை, ஏன் என்று தனியே பதிய வேண்டும்.